மஞ்சள் விளக்கும் ஒரு பேப்பர் கிளிப்பும்

வாகனத்தின் டாஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் ஓர் எஞ்சின் படம் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். எரிந்ததும் நம்மில் பலருக்கு முதலில் பயம் வரும், அடுத்து செலவைப் பற்றிய கவலை வரும். கராஜுக்குப் போனால் ஒரு சின்ன மெஷினைக் கொழுவி "பி சைபர் நாலு இரண்டு சைபர்" என்று எதையோ சொல்வார்கள். நாமும் தலையை ஆட்டிவிட்டு பேர்ஸைத் திறப்போம்.

அந்த விளக்கு யாருக்காக வந்தது? வாகனச் சொந்தக்காரருக்கு உதவி செய்ய என்று நினைத்தால் அது பாதிதான் சரி. அதைக் கொண்டுவந்தது புகை. ஒரு நகரத்தின் மூச்சுத்திணறலிலிருந்து தொடங்கும் கதை இது. பதிவு நீளம் நண்பர்களே, ஒரு பிளேன்டீயை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

1943 ஜூலை. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஒருநாள் திடீரென்று பழுப்பு நிறப் புகைமூட்டம். கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது, சில தெருக்களுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஜப்பான்காரன் நச்சு வாயு அடித்துவிட்டான் என்றுகூட ஆட்கள் பயந்தார்கள். பிறகு பழி நகரத்துக்குள் இருந்த ஒரு செயற்கை றப்பர் மூலப்பொருள் தொழிற்சாலையின் மீது விழுந்தது. அதைத் தற்காலிகமாக மூடினார்கள். புகைமூட்டமோ போகவில்லை.

போர் முடிந்தும் இதே நிலைதான். வீட்டுக் கொல்லையில் குப்பை எரிப்பது, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் என்று ஒவ்வொன்றாகக் குற்றஞ்சாட்டினார்கள். அவற்றுக்கும் பங்கிருந்தது, பொய்யில்லை. ஆனால் காலையில் வேலைக்குப் போகும் ஒவ்வொருவனும் தானே ஓட்டிக்கொண்டு போகும் காரை யாரும் சந்தேகிக்கவில்லை.

விடையைக் கண்டுபிடித்தவர் ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற நெதர்லாந்துக்காரர். கல்டெக் எனப்படும் கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் இரசாயனவியல் ஆய்வாளர். அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது புகையை அல்ல, அன்னாசிப்பழத்தின் வாசனையை! பழத்தின் மணத்தைப் பிடித்துப் பகுப்பாய்வு செய்யத் தெரிந்தவருக்கு நகரத்துக் காற்றைப் பிடித்துப் பகுப்பாய்வு செய்வது பெரிய விடயமல்ல. 1950களின் தொடக்கத்தில் அவர் சொன்னது இதுதான்: வாகனங்களும் ஆலைகளும் வெளிவிடும் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் தாக்கமடைந்து ஓசோனை உருவாக்குகின்றன. கண்ணை எரிப்பதும் பயிரின் இலையைக் கருக்குவதும் அதன் விளைவு. வளைத்துவைத்த றப்பர் துண்டு எவ்வளவு சீக்கிரம் வெடிக்கிறது என்று பார்த்தே காற்றில் ஓசோன் இருப்பதைக் காட்டினார். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் செய்யக்கூடிய அளவுக்கு எளிய வேலை அது.

எண்ணெய்க் கம்பனிகளின் காசில் இயங்கிய ஆய்வாளர்கள் அவரை மறுத்தார்கள். கார்க் கம்பனிகளும் இலகுவில் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 1967இல் கலிபோர்னியாவில் காற்று வளங்கள் சபை என்ற அரச அமைப்பு உருவானபோது அதன் முதல் தலைவராக அதே ஹாகன்-ஸ்மித்தை நியமித்தார்கள். இந்தச் சபையின் பெயரை மறக்க வேண்டாம், கதை முழுக்க வரும். அமெரிக்க மத்திய அரசு 1970இல் தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கி, புதிய கார்களின் நச்சு வாயுக்களை 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. கம்பனிகள் தலையில் கைவைத்தன. தவணை கேட்டன, கிடைத்தது. ஆனாலும் 1975 மொடல்களிலிருந்து கெட்டலிட்டிக் கொன்வேட்டர், அதாவது வினையூக்கி மாற்றி, சைலன்சருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. ஈயம் கலந்த பெற்றோல் அந்த வினையூக்கியை நாசமாக்கும் என்பதால் ஈயமில்லாத பெற்றோலும் கூடவே வந்தது.

இங்கேதான் கொம்பியூட்டர் உள்ளே நுழைகிறது. எப்படி என்று கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வரும் எதுவும் விளங்காது.

முதலில் வந்த மாற்றி காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும் மட்டுமே கவனித்தது. நைதரசன் ஒட்சைட்டையும் சேர்த்து அடக்க வேண்டுமென்றால் மூவழி மாற்றி தேவை. அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. 1 கிலோ பெற்றோலுக்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று என்ற விகிதத்தில் எரிந்தால்தான் மூன்று வேலையையும் ஒழுங்காகச் செய்யும். கூடினாலும் சரிவராது, குறைந்தாலும் சரிவராது. பழைய காபரேற்றரால் இந்தத் துல்லியத்தைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. மேடு ஏறும்போது ஒன்று, பள்ளம் இறங்கும்போது இன்னொன்று, காலைக் குளிரில் வேறொன்று. ஆகவே கழிவு வாயுக் குழாயில் ஓர் ஒட்சிசன் சென்சரைப் பொருத்தி, அது சொல்வதைக் கேட்டு ஒவ்வொரு கணமும் எரிபொருளைக் கூட்டிக் குறைக்க ஒரு மூளை வேண்டியிருந்தது. பொஷ் நிறுவனம் செய்த சென்சரோடு வொல்வோ 1976இல் இதை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. போனது எங்கே? கலிபோர்னியாவுக்கு.

மூளை வந்தாயிற்று. அதற்குப் பைத்தியம் பிடித்தால் யார் கண்டுபிடிப்பது? முந்திய காலத்து மெக்கானிக் காதால் கேட்டார், மூக்கால் மணந்தார், பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தார். ஒரு அலுமினியப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் மின்சுற்றை எதால் மணப்பது? வாகனமே தன் நோயைச் சொன்னால்தான் உண்டு.

ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி 1981 மொடலில் அமெரிக்காவில் விற்ற தன் பெற்றோல் கார்களுக்கு எல்லாம் கொம்பியூட்டர் கட்டுப்பாட்டைப் போட்டது. டாஷ்போர்டில் ஒரு விளக்கும், டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சொக்கெட்டும் வந்தன. அந்தச் சொக்கெட்டின் பெயரை கவனியுங்கள்: ஏஎல்டிஎல். விரித்தால் 'பொருத்து வரிசைச் சோதனை இணைப்பு' என்று பொருள். தொழிற்சாலையில் வாகனம் பூட்டி முடிந்து வெளியே வரும்போது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வைத்த வாசல் அது. நம்மைப் போன்றவர்களுக்காக வைத்ததல்ல. நாம் பின்வாசலால் நுழைந்தவர்கள்.

இனி ஒரு வாகனத்தைப் பிடித்துக்கொண்டு பேசுவோம். 1990ஆம் ஆண்டு செவ்ரோலெட் பிக்கப். நாங்கள் இங்கே 'கெப்' என்று சொல்வோமே, அதன் பெரிய தம்பி. 5.7 லீற்றர் வி-8 எஞ்சின். காபரேற்றர் இருந்த இடத்தில் இரண்டு இன்ஜெக்டர்கள் மேலிருந்து பெற்றோலைத் தெளிக்கும். அமெரிக்க விவசாயிகளும் மேசன்களும் லட்சக்கணக்கில் ஓட்டிய வண்டிவகை இது, இன்றும் ஓடுகிறது. டாஷ்போர்டில் 'சேர்விஸ் எஞ்சின் சூன்' என்ற எழுத்து எரிகிறது. என்ன செய்வார்கள்?

ஸ்கேனர் தேவையில்லை. ஒரு பேப்பர் கிளிப் போதும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே அந்த 12 துளைச் சொக்கெட் இருக்கும். மேல் வரிசையில் வலது பக்கக் கடைசித் துளை 'ஏ', அது ஏர்த். அதற்கு இடப்பக்கம் 'பி', அது கேள்வி கேட்கும் வயர். கிளிப்பை வளைத்து இரண்டையும் தொடுத்துவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்ப வேண்டும். விளக்கு சிமிட்டத் தொடங்கும். ஒரு சிமிட்டல், சின்ன இடைவெளி, பிறகு இரண்டு சிமிட்டல். அது 12. இப்படி மூன்று தடவை 12 சொல்லும்.

12 என்றால் என்ன தெரியுமா? எஞ்சின் சுற்றவில்லை, டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து சமிக்ஞை வரவில்லை என்று அர்த்தம். நாம்தான் ஸ்டார்ட் பண்ணவே இல்லையே! கொம்பியூட்டர் உயிரோடிருக்கிறது, விளக்கு வேலைசெய்கிறது, கேட்டால் பதில் சொல்லும் நிலையில் இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. வகுப்பில் டாப்புக் கூப்பிடும்போது "வந்திருக்கிறேன் சேர்" என்று சொல்வது மாதிரி. பன்னிரண்டே வராவிட்டால் மற்றதைத் தேடிப் பயனில்லை, ஃபியூஸிலும் ஏர்த்திலும் தொடங்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான நோய்க் குறிகள், ஒவ்வொன்றும் மூன்று தடவை. 14 வந்தால் கூலன்ட் வெப்பநிலை சென்சரின் வோல்ற்றளவு மிகக் குறைவு, அதாவது எஞ்சின் கொதித்துக்கொண்டிருப்பதாகக் கொம்பியூட்டர் நினைக்கிறது. 15 வந்தால் அதற்கு நேரெதிர், உறைபனியில் இருப்பதாக நினைக்கிறது. 13 ஒட்சிசன் சென்சரின் சுற்று. 32 ஈஜீஆர் வால்வு. 44 என்றால் கழிவு வாயுவில் ஒட்சிசன் கூட, 45 என்றால் பெற்றோல் கூட.

இந்த 14, 15 இரண்டையும் எனக்கு மிகவும் பிடிக்கும். கொம்பியூட்டர் 5 வோல்ட் ஒன்றை ஒரு தடையினூடாக அந்த சென்சருக்கு அனுப்புகிறது. சூடேற ஏற சென்சரின் தடை குறையும், வோல்ற்றளவும் விழும். அவ்வளவுதான் தத்துவம். சாதாரண தரத்துப் பிள்ளைக்கே விளங்கும். இப்போது 15 வந்திருக்கிறது என்று வைப்போம். சென்சர் பழுதா, வயர் அறுந்திருக்கிறதா, கொம்பியூட்டரே போய்விட்டதா? கையில் மீற்றர்கூட வேண்டாம். சென்சரின் பிளக்கைக் கழற்றி, பிளக்கில் உள்ள இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று தொடுத்துவிட்டு எஞ்சினைக் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். 15 இருந்த இடத்தில் 14 வந்தால் வயரும் கொம்பியூட்டரும் சுகம், சென்சர்தான் மௌத்து. 15 அப்படியே நின்றால் சென்சரை மாற்றிப் பிரயோசனம் இல்லை, அறுந்த வயரைத் தேட வேண்டும். ஒரு கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிக் கேட்டு விடை எடுக்கும் முறை இது.

44 அப்படி இலகுவான ஆளல்ல. ஒட்சிசன் கூட என்று சென்சர் சொல்கிறது. உடனே பலரும் ஒட்சிசன் சென்சரை மாற்றுவார்கள். ஆனால் அந்தப் பாவப்பட்ட சென்சர் உண்மையைத்தான் சொல்கிறது. ஒட்சிசன் எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. வெக்கியூம் குழாய் வெடித்து வெளிக்காற்று உள்ளே போயிருக்கலாம். பெற்றோல் பம்பின் அமுக்கம் குறைந்திருக்கலாம். இந்த எஞ்சினுக்கு வேண்டியதே 9 முதல் 13 பிஎஸ்ஐ மட்டும், அதில் கொஞ்சம் குறைந்தாலும் தெரியும். சென்சருக்கு முன்னால் மெனிஃபோல்டில் வெடிப்பு இருந்தால் அதனூடாகக் காற்று இழுபடும். இன்னொன்று இருக்கிறது, பலரும் யோசிக்காதது. ஒரு பிளக் நெருப்புப் போடாவிட்டால் அந்த சிலிண்டருக்குள் போன ஒட்சிசன் எரியாமல் அப்படியே வெளியே வரும். பெற்றோலும் எரியாமல்தான் வருகிறது, ஆனால் சென்சருக்குப் பெற்றோல் தெரியாது, ஒட்சிசன் மட்டும்தான் தெரியும். "காற்றுக் கூட" என்று அறிவிக்கும். கொம்பியூட்டர் நம்பிப் பெற்றோலை இன்னும் ஊற்றும். பெற்றோல் மணக்கும் வண்டி "எனக்குப் பெற்றோல் போதாது" என்று அழும்!

சரி, இது ஒரு கம்பனியின் பாஷை. பக்கத்து வீட்டுக்காரன் ஃபோர்ட் எஃப்-150 வைத்திருந்தால்? அங்கே பேப்பர் கிளிப் வித்தை வேறு. சோதனைச் சொக்கெட்டில் முள் ஆடும் பழைய வகை வோல்ட் மீற்றரைக் கொழுவி, முள் எத்தனை தடவை பாய்கிறது என்று எண்ண வேண்டும். எஞ்சின் ஓடாமல் ஒரு சோதனை, ஓடவிட்டு இன்னொன்று. எல்லாம் சரியென்றால் 11, பிற்கால மொடல்களில் 111. கிறைஸ்லர் வாகனங்களில் வயரே தேவையில்லை. 5 செக்கனுக்குள் சாவியைப் போட்டு, எடுத்து, போட்டு, எடுத்து, போட வேண்டும். விளக்கு பேசும், 55 சொல்லி முடிக்கும். நிசானில் கொம்பியூட்டர் பெட்டியிலேயே ஒரு சின்னத் திருகு, சிவப்பும் பச்சையுமாக இரண்டு குட்டி விளக்குகள். சிவப்பு பத்துகளின் இடம், பச்சை ஒன்றுகளின் இடம். அங்கே 55 என்றால் பிழையே இல்லை. டொயோட்டாவில் எஞ்சினுக்குப் பக்கத்தில் உள்ள கறுப்புப் பெட்டியைத் திறந்து டிஈ1, ஈ1 என்ற இரண்டையும் தொடுக்க வேண்டும். பிழை இல்லாவிட்டால் விளக்கு ஒரே சீராகச் சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

வாசிக்கச் சுவாரசியம். கராஜ் வைத்துப் பிழைப்பவனுக்கு? கிறைஸ்லரில் 12 என்றால் பெற்றரி அண்மையில் கழற்றப்பட்டது, செவ்ரோலெட்டில் 12 என்றால் எஞ்சின் சுற்றவில்லை. ஒவ்வொரு கம்பனிக்கும் தனி வயர், தனிக் கருவி, தனிப் புத்தகம். அவ்வளவையும் வாங்க முடியாத சின்னக் கராஜ்காரன் "ஏஜென்ட்டிடம் கொண்டுபோங்க" என்று சொல்வதைத் தவிர வழியில்லை. கம்பனிகளுக்கு அது கசக்கவா போகிறது?

மறுபடியும் கலிபோர்னியா சபைதான் வருகிறது. 1988 மொடலிலிருந்து அந்த மாநிலத்தில் விற்கும் வாகனங்கள் தங்கள் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களைத் தாங்களே கண்காணித்து, பிழை வந்தால் விளக்கெரிக்க வேண்டும் என்று விதி போட்டது. அதுதான் பின்னால் ஓபிடி-1 என்று அழைக்கப்பட்டது. சபை ஏன் இவ்வளவு மினக்கெட்டது என்று யோசியுங்கள். புதிய வாகனம் சுத்தமாக இருக்கும். 10 வருடம் ஓடிய வாகனத்தில் ஒரு சென்சர் செத்தால் ஓட்டுபவருக்குத் தெரியாது, வண்டி ஓடும். ஆனால் நச்சு வாயு பல மடங்காகும். லொஸ் ஏஞ்சல்ஸின் பிள்ளைகள் அதைச் சுவாசிக்க வேண்டும்.

ஓபிடி-1 போதவில்லை. வயர் அறுந்தால்தான் அது சொல்லும். வினையூக்கி மாற்றி வலுவிழந்ததையோ, ஒரு சிலிண்டர் இடைக்கிடை நெருப்புப் போடாததையோ அது கண்டுபிடிக்கவில்லை. பாஷைக் குழப்பமும் தீரவில்லை. ஆகவே 1989இல் சபை இரண்டாம் கட்ட விதியை ஏற்றுக்கொண்டது. 1990இல் அமெரிக்கப் பாராளுமன்றம் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது இதை நாடு முழுவதற்கும் ஆக்கியது. அதே சட்டத்தில் ஒரு வரி சேர்ந்தது. புகைக் கட்டுப்பாடு சம்பந்தமான திருத்தத் தகவல்களைக் கம்பனிகள் தங்கள் ஏஜென்ட்டுகளுக்கு மட்டுமல்ல, தொழில் செய்யும் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பது. என் அபிப்பிராயத்தில் முழுச் சட்டத்திலும் சாதாரண மனிதனுக்குக் கிடைத்த பெரிய பங்கு அந்த ஒரு வரிதான். காற்றைச் சுத்தமாக்கப் போன சட்டம், தெருவோரத்துக் கராஜ்காரனின் சோற்றையும் காப்பாற்றியது.

1996 மொடலிலிருந்து அமெரிக்காவில் விற்ற கார், சிறிய பிக்கப் எல்லாவற்றுக்கும் ஓபிடி-2 கட்டாயம். 16 ஊசி கொண்ட ஒரே வடிவச் சொக்கெட், சாரதியின் கைக்கெட்டும் தூரத்தில், ஆயுதம் இல்லாமல் திறக்கக்கூடிய இடத்தில். நமது செவ்ரோலெட் பிக்கப்பும் அந்த வருடம் புதிய எரிபொருள் முறையோடு இதற்கு மாறியது. ஒரு பொறி இருக்கிறது, பழைய வாகனம் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும்: 1994, 1995 ஜெனரல் மோட்டர்ஸ் வாகனங்கள் சிலவற்றில் 16 ஊசிச் சொக்கெட் இருக்கும், உள்ளே பேசுவதோ பழைய பாஷை. சாதாரண ஸ்கேனரைக் கொழுவினால் ஒன்றுமே வராது. வாகனம் செத்துவிட்டதென்று நினைத்துவிடக் கூடாது. இன்னொன்று, 16 ஊசிச் சொக்கெட்டில் பேப்பர் கிளிப்பை நுழைக்கவே வேண்டாம். 16ஆம் ஊசியில் பெற்றரி மின்சாரம் எந்நேரமும் இருக்கும்.

குறியீட்டின் அமைப்பும் ஒன்றானது. முதலெழுத்து 'பி' என்றால் எஞ்சினும் கியரும். அடுத்தது சைபர் என்றால் எல்லாக் கம்பனிக்கும் பொதுவான குறியீடு, 1 என்றால் அந்தக் கம்பனியின் சொந்தக் குறியீடு. பழைய 44இன் பேரப்பிள்ளை பி0171. பி0300 என்றால் எந்த சிலிண்டர் என்று சொல்ல முடியாதபடி அங்குமிங்கும் நெருப்புத் தவறுகிறது. பி0301 என்றால் முதலாம் சிலிண்டர். இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது அழகான வேலை. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் தண்டுக்கு ஒரு சின்னத் தள்ளு கிடைக்கும். ஒரு தள்ளு தவறினால் தண்டின் வேகம் கண்ணுக்குத் தெரியாத அளவு குறையும். அந்தக் குறைவை அளந்து, எந்த சிலிண்டரின் முறை என்று எண்ணிப் பார்க்கிறது. தவறுதல் கடுமையாகி வினையூக்கியையே எரிக்கும் அளவுக்குப் போனால் விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டத் தொடங்கும். சிமிட்டினால் வாகனத்தை ஓட்டக் கூடாது. நிலையாக எரிந்தால் கராஜ் வரை போகலாம். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

கணிதம் படிப்பிப்பவர்களுக்கு ஒரு சின்னச் சந்தோசம். கூலன்ட் சென்சரின் வயர் அறுந்த வாகனத்தில் ஸ்கேனரைக் கொழுவினால் எஞ்சினின் வெப்பநிலை −40 பாகை என்று காட்டும். கொழும்பு வெயிலில் −40! காரணம், தரநிர்ணயத்தில் வெப்பநிலைக்கு ஒதுக்கியது ஒரு பைட், 0 முதல் 255 வரை. அதிலிருந்து 40ஐக் கழிப்பார்கள். எனவே −40 முதல் 215 வரை காட்டலாம், மிகக் கீழே போனால் −40. செல்சியஸும் பரனைட்டும் ஒரே எண்ணாக வரும் இடமும் அந்த −40 தான், ஆகவே மெஷினை எந்த அலகில் வைத்தாலும் அதே எண்தான் வரும். அந்த எண்ணைக் கண்டால் வயரைத் தேடுங்கள்.

ஐரோப்பாவில் இதே முறை பெற்றோல் கார்களுக்கு 2001இலும் டீசலுக்கு அதற்கு இரண்டு மூன்று வருடம் பிந்தியும் கட்டாயமானது. பிறகு கனடாவின் எல்ம் எலக்ட்ரோனிக்ஸ் என்ற சிறிய கம்பனி, வாகனங்கள் பேசும் பல பாஷைகளையும் மொழிபெயர்க்கும் ஒரு சின்னச் சில்லைச் செய்தது. அதன் போலிகள் சீனாவிலிருந்து கொட்டின. இன்று நெருப்புப்பெட்டி அளவில் வாங்கி ஃபோனோடு இணைக்கும் புளூடூத் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை அந்தப் போலியின் வம்சம்தான். அசலைச் செய்த கம்பனி 2022இல் கடையை மூடிவிட்டது.

மலிந்ததில் ஒரு நன்மை, எல்லோராலும் குறியீட்டை வாசிக்க முடிகிறது. ஒரு தீமை, வாசித்ததும் வைத்தியம் முடிந்தது என்று நினைக்கிறோம். எனக்குத் தெரிந்த ஒருவருடைய வாகனத்தில் பி0171 வந்தது. கராஜின் பெயர் வேண்டாம். முதலில் ஒட்சிசன் சென்சரை மாற்றினார்கள். அடுத்த வாரம் அதே விளக்கு. காற்றோட்ட சென்சரை மாற்றினார்கள். மறுபடியும் விளக்கு. மூன்றாவதாக வேறொரு இடத்தில், தலை நரைத்த ஒரு நானா எஞ்சினை ஓடவிட்டு வெக்கியூம் குழாய்களை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்தார். ஒரு குழாயின் அடியில் விரல் நகமளவு வெடிப்பு. குழாயின் விலை, மாற்றிய சென்சர்களின் பெட்டிக்குக்கூடக் காணாது.

குறியீடு பாகத்தின் பெயரல்ல, அறிகுறியின் பெயர். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குக் குறையறி சோதனை பற்றிப் படிப்பித்தார்கள். ஒரு பிள்ளை பின்னக் கணக்கில் 23 புள்ளி எடுத்தால் அந்த 23 எதையும் விளக்காது. பெருக்கல் வாய்பாடு தெரியாதா, கேள்வியின் தமிழ் விளங்கவில்லையா, கண்ணாடி போட வேண்டிய பிள்ளையா என்று பார்ப்பது ஆசிரியரின் வேலை. ஸ்கேனரும் புள்ளித்தாள் மாதிரித்தான்.

குறியீட்டை அழித்துவிட்டு வாகனத்தை விற்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அதையும் விதி எழுதியவர்கள் யோசித்திருந்தார்கள். அழித்தவுடன், சுயசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் பட்டியலும் அழிந்துவிடும். வாகனம் சில நாட்கள் பலவிதமாக ஓடினால்தான் அது மீண்டும் நிறையும். பழைய வாகனம் பார்க்கப் போகிறவர்கள் ஸ்கேனரில் குறியீடு இல்லை என்பதோடு நிற்காமல் அந்தப் பட்டியலையும் திறந்து பாருங்கள். பல சோதனைகள் 'முடியவில்லை' என்றிருந்தால், நேற்றோ இன்று காலையோ யாரோ துடைத்திருக்கிறார்கள், அல்லது பெற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

ஆனால் கம்பனியே பொய் சொல்லும்படி எழுதிவிட்டால்? 1995இல் ஜெனரல் மோட்டர்ஸ் மீது அமெரிக்க அரசு வழக்கு வைத்தது. 1991 முதல் 1995 வரையான ஏறக்குறைய 470,000 கடிலாக் கார்களில், ஏசி போட்டதும் எஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்டும்படி ஒரு சில்லு எழுதப்பட்டிருந்தது. அரசின் புகைச் சோதனையில் ஏசி போடுவதில்லை! 45 மில்லியன் டொலர் அளவில் கட்டி முடித்தார்கள். அதற்கு 20 வருடத்துக்குப் பிறகு, 2015 செப்டெம்பரில் வொக்ஸ்வாகன் பிடிபட்டது. உலகம் முழுவதும் சுமார் 11 மில்லியன் டீசல் வாகனங்கள். சோதனைக்கூடத்தில் நிற்பதைக் கணினி அறிந்துகொண்டு அப்போது மட்டும் புகைக் கட்டுப்பாட்டை முழுமையாக இயக்கியது, வீதியில் தளர்த்தியது. மஞ்சள் விளக்கு எரியவே இல்லை, ஏனென்றால் அந்தக் கணினியின் கணக்கில் பிழை எதுவுமில்லை. கண்டுபிடித்தது வாகனத்தின் குறியீடு அல்ல. மேற்கு வேர்ஜினியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு சிறிய குழு, சைலன்சரில் அளவுகருவியைப் பூட்டிக்கொண்டு வீதியில் ஓட்டிப் பார்த்தது. பழைய மெக்கானிக் மூக்கால் மணந்த அதே இடம்.

எங்கள் நாட்டில் வருடாந்த வாகன அனுமதிப்பத்திரத்துக்கு முன்னர் செய்யும் புகைப் பரிசோதனையும் சைலன்சரில்தான் பார்க்கிறது. டாஷ்போர்டில் விளக்கு எரிகிறதா என்பது அங்கே பெரிய கேள்வியல்ல. அதனால்தானோ என்னவோ, விளக்கின் பல்பை மூடி மறைத்துவிட்டு ஓட்டும் வாகனங்களை நிறையப் பார்க்கலாம்.

ஜப்பானிலிருந்து பாவித்த வாகனங்களாக வந்த 90களின் பெற்றோல் வாகனங்கள் பல இன்னும் நமது வீதிகளில் ஓடுகின்றன. அவற்றில் டொயோட்டாக்களில் அந்த டிஈ1, ஈ1 பெட்டிதான் இருக்கிறது, புளூடூத் ஸ்கேனர் அவற்றோடு பேசாது. இளம் பையன்கள் சொக்கெட்டைத் தேடிவிட்டு "இதுக்கு ஸ்கேன் பண்ண ஏலாது" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒரு துண்டு வயரில் தீரும் கேள்வி.

அமெரிக்காவில் சண்டை இப்போது வேறிடத்துக்குப் போய்விட்டது. புதிய வாகனங்கள் தங்கள் நோயைச் சொக்கெட்டுக்குச் சொல்லாமல் வானலை வழியாக நேரே கம்பனிக்கு அனுப்பப் பழகிவிட்டன. மசாசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் திருத்தும் உரிமைக்காக வாக்களித்தார்கள். 2020இல் அந்த வானலைத் தகவலும் சொந்தக்காரனுக்குக் கிடைக்க வேண்டும் என்று மறுபடி வாக்களித்தார்கள். கம்பனிகள் நீதிமன்றம் போயின.

அந்த 1990 செவ்ரோலெட் பிக்கப் வைத்திருப்பவர்களோ தங்கள் பாட்டில் இருக்கிறார்கள். பழைய சொக்கெட்டை மடிக்கணினியோடு இணைக்கும் வயரைத் தாங்களே செய்து, இலவச மென்பொருள் எழுதி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். பழைய பெட்டிகளில் சில செக்கனுக்கு 160 பிட் வேகத்தில்தான் பேசும். நாம் ஃபோனில் அனுப்பும் ஒரு குரல் செய்தியை அந்த வேகத்தில் அனுப்பினால் பல மணித்தியாலம் எடுக்கும். ஆனாலும் அது பேசுகிறது.

உங்கள் ஊரில் டிஈ1 சிமிட்டலை எண்ணி நோய் சொல்லத் தெரிந்த நானாமார், பாஸ்மார் இன்னும் இருக்கிறார்களா? எந்த வாகனத்தில் என்ன எண்ணைக் கண்டு எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள்.